நல், நல், மன்னார்குடி

போன மழைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்காக ஒரு ரத்த அழுத்தமானி ஆர்டர் போட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். முகவரியைத் தட்டச் சோம்பல்பட்டு, செயலியில் இருந்த ‘என் இருப்பிடத்தை எடுத்துக்கொள்’ என்ற பொத்தானைத் தொட்டேன். நாலாம் நாள் பெட்டி வந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில், பெயருக்குக் கீழே ஆங்கில எழுத்தில் இப்படி அச்சாகியிருந்தது: ‘நல், நல், மன்னார்குடி, தமிழ்நாடு, நல்’. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “என்னப்பா இது, நல்லா இருக்கீங்களான்னு கேக்குறானா?” என்றாள்.

பெட்டி அந்தச் சீட்டை நம்பி வந்து சேரவில்லை. கொண்டுவந்த பையன் மூன்று முறை போன் செய்தான். “அண்ணே, மன்னார்குடி தாண்டிட்டேன். இனி எப்படி வரணும்?” ஆற்றுப் பாலம் இறங்கியதும் இடதுகைப் பக்கம், ரேஷன் கடைக்கு எதிர்த்தாப்போல, வாசலில் வேப்பமரம் நிற்கிற வீடு என்றேன். “இத அப்பவே போட்டிருக்கலாமேண்ணே” என்றவன், பத்து நிமிடத்தில் வாசலில் வண்டியை நிறுத்தினான்.

போட்டிருக்கலாம்தான். போடுவதற்கு அந்தச் செயலியில் இடம் இல்லை.

நான் உட்கார்ந்திருந்த திண்ணை எங்கே இருக்கிறது என்று கைபேசிக்குச் சில மீட்டர் துல்லியத்தில் தெரிந்திருந்தது. அப்படியும் சீட்டில் ஐந்து கட்டங்களில் மூன்று காலி. தெரிந்த இடத்துக்கு முகவரி தெரியாமல் போவது எப்படி?

செயற்கைக்கோளுக்குத் தெருப்பெயர் தெரியாது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்புவது தங்கள் கடிகார நேரத்தையும் தாங்கள் வானில் எங்கே இருக்கின்றன என்ற கணக்கையும் மட்டுமே. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், கைபேசி தன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணக்கிட்டுக்கொள்ளும். வானம் திறந்திருக்கும் இடத்தில் பிழை ஏறக்குறைய 5 மீட்டர். கிடைப்பது இரண்டு எண்கள். உதாரணத்துக்கு 10.7828, 79.1318 என்றால் தஞ்சைப் பெரிய கோயில் வளாகம். அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் புள்ளிக்குப் பிறகு நான்காவது இலக்கம் 11 மீட்டரையும், ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டரையும் பிரித்துக் காட்டும்.

ஆனால் அந்த எண்களுக்குள் தஞ்சாவூர் இல்லை. மாவட்டமும் பின்கோடும் இல்லை. அவையெல்லாம் மனிதர்கள் மண்ணின்மேல் எழுதிக்கொண்டவை. எழுதியதை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால்தான் எண்ணிலிருந்து பெயருக்குப் போக முடியும். முகவரியைக் கொடுத்து எண்களை வாங்குவதற்கு ஜியோகோடிங் என்று பெயர். எண்களைக் கொடுத்து முகவரியை வாங்குவது ரிவர்ஸ் ஜியோகோடிங்.

இரண்டாவது வேலை எப்படிப்பட்டது என்பது இரவுப் பேருந்தில் தூங்கிப்போனவர்களுக்குத் தெரியும். திடுக்கென்று விழித்ததும் எந்த ஊர் என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளைத் தேடுகிறோம். ஒரு மருந்துக்கடைப் பலகையின் அடிவரியில் ஊர்ப்பெயர் இருந்தால் நிம்மதி. பலகையே இல்லாத வயல்வெளி என்றால், கடைசியாகப் பார்த்த ஊரை வைத்து ஒரு குத்துமதிப்பு. கணினியும் இதைத்தான் செய்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் இயங்கும் நாமினாட்டிம் என்ற மென்பொருளின் ஆவணமே இதை ஒளிக்காமல் சொல்கிறது: நீங்கள் கொடுத்த புள்ளியின் முகவரியை அது கணிப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் பொருத்தமான ஒரு பொருளைக் கண்டுபிடித்து அதன் முகவரியைத் தருகிறது. பக்கத்துக் கட்டடத்தின் பலகையைப் படித்து, ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்கிறது.

மூன்று கேள்விகள், மூன்று பதிவேடுகள்

எந்த நிறுவனத்தின் சேவையானாலும் உள்ளே நடப்பது பெரும்பாலும் மூன்று தேடல்கள். ஒன்று, இந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் சாலை அல்லது கட்டடம் எது? இரண்டு, இந்தப் புள்ளி எந்தெந்த எல்லைக்கோடுகளுக்குள் விழுகிறது? ஊராட்சி, வட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வேலிகள் இவை. மூன்று, இந்த இடத்தின் அஞ்சல் குறியீடு என்ன?

மூன்றுக்கும் விடை வெவ்வேறு பதிவேடுகளில் இருக்கிறது. கதவு எண் நகராட்சியின் வரிப் புத்தகத்தில். எல்லை வருவாய்த் துறையிடம். பின்கோடு அஞ்சல் துறையிடம். வரைபடக்காரர்கள் இவற்றையும் இவற்றைப் போன்றவற்றையும் திரட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த அடுக்கில் ஓட்டை இருக்கிறதோ அந்தக் கட்டம் காலியாக வரும். மாநிலத்தின் எல்லை பெரியது, எல்லோரிடமும் இருக்கிறது; ஆகவே ‘தமிழ்நாடு’ தவறாமல் வந்துவிடுகிறது. கீழே இறங்க இறங்கப் பதிவு மெலிகிறது. என் சீட்டில் மாநிலமும் ஊரும் பிழைத்து, தெருவும் கதவு எண்ணும் போனது இப்படித்தான்.

பின்கோடு போனதற்குக் காரணம் வேறு. ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் வகுத்த இந்த ஆறிலக்க முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் குறிக்கும். அதாவது பின்கோடு பிறந்தது கடிதக் கட்டுகளைப் பிரிப்பதற்காக. நிலத்தில் கோடு கிழிப்பதற்காக அல்ல. தபால்காரரின் சைக்கிள் எந்தத் தெரு வரை போகிறதோ அதுவே அதன் எல்லை. அந்தச் சைக்கிள் தடத்தை வேலியாக வரைந்து வைக்காத இடங்களில், வரைபடம் பின்கோட்டை ஊகிக்க வேண்டும், அல்லது பேசாமல் விட்டுவிட வேண்டும்.

காலிக்கு நான்கு காரணங்கள்

கட்டம் காலியாக வந்தால் ‘தகவல் இல்லை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்குள் நான்கு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன.

முதலாவது, அந்தப் பொருளே உலகத்தில் இல்லை. ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. அங்கே பேட்டை, அதற்குள் மனைத்தொகுதி எண், அதற்குள் கட்டட எண் என்றுதான் முகவரி இறங்கும். தெருப்பெயர்க் கட்டம் காலியாக இருப்பதுதான் அங்கே சரியான விடை. ஹாங்காங்கில் அஞ்சல் குறியீடு இல்லை. அயர்லாந்தில் நாடு முழுவதற்குமான குறியீடு 2015இல்தான் வந்தது. கடலில் நிற்கும் படகுக்குத் தெரு ஏது? ஆப்பிளின் இருப்பிட நூலகம் இதை எதிர்பார்த்துக் கடலுக்கும் உள்நாட்டு நீர்நிலைக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறது. நடுக்கடலில் தெரு, ஊர், குறியீடு எல்லாம் காலியாகி, கடலின் பெயர் மட்டும் நிரம்பி வரலாம்.

இரண்டாவது, பொருள் இருக்கிறது, பதிவு இல்லை. எங்கள் தெருவுக்கு மேலத்தெரு என்று பெயர். தபால்காரருக்கும் ஊராட்சிக்கும் தெரியும். வரைபடத்தில் யாரும் எழுதவில்லை.

மூன்றாவது, பதிவும் இருக்கிறது, வேறு கட்டத்தில் இருக்கிறது. நிரலாளர்களை அதிகம் வழுக்கி விழவைப்பது இதுதான். நாமினாட்டிம் ஓர் ஊரின் பெயரை அதன் தகுதிக்கேற்ப ‘சிட்டி’, ‘டவுன்’, ‘வில்லேஜ்’, ‘ஹாம்லெட்’ என்று வெவ்வேறு கட்டங்களில் தரும். ‘சிட்டி’யை மட்டும் எட்டிப் பார்க்கும் செயலிக்குக் கிராமத்தில் இருப்பவர்கள் யாரும் ஊர் இல்லாதவர்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் நின்று கூகுளைக் கேட்டால், ‘லொக்காலிட்டி’ என்ற ஊர்க் கட்டம் வராமல், ‘சப்லொக்காலிட்டி’ என்ற உட்பகுதிக் கட்டத்தில் புரூக்ளின் வரும். பிரிட்டனில் அஞ்சல் நகரம் என்று இன்னொரு கட்டமே உண்டு.

நான்காவது, கேள்வி போய்ச் சேரவே இல்லை. இணையம் இல்லை, அல்லது இலவசக் கணக்கில் கேட்கக்கூடிய அளவைத் தாண்டிக் கேட்டாயிற்று. ‘தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை’ என்பதும் ‘தேடவே முடியவில்லை’ என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு மறுபடி கேட்டுப் பயனில்லை. இரண்டாவதற்குக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

தாம்பரம் எந்த ஊர்?

கட்டம் நிரம்பி வந்தால் மட்டும் பிரச்சினை தீர்ந்ததா? தாம்பரத்தைப் பாருங்கள். அதன் பின்கோடு 600 என்று தொடங்குகிறது. அஞ்சல் துறைக்கு அது சென்னை. 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது தாம்பரம் அதற்குள் போனது. வருவாய்த் துறைக்கு அது செங்கல்பட்டு. 2021இல் அதுவே தனி மாநகராட்சி ஆனது. உள்ளாட்சிக்கு அது தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் ஏறுபவர் “சென்னைக்குப் போய்ட்டு வரேன்” என்று சொல்லக் கேட்கலாம்; அவருக்கு அது சென்னையே அல்ல. ‘ஊர்’ என்ற ஒற்றைக் கட்டத்தில் இந்த மூன்று பெயர்களில் எதைப் போடுவது? எதைப் போட்டாலும் பிழையில்லை, எதைப் போட்டாலும் முழு உண்மையும் இல்லை.

மாவட்டங்களுக்கும் இதே கதை. 2019இலும் 2020இலும் தமிழ்நாட்டில் புதிய மாவட்டங்கள் பிறந்து மொத்தம் 38 ஆனது. கடைசியாக வந்தது மயிலாடுதுறை. பழைய எல்லைக்கோடுகளை வைத்திருக்கும் ஒரு தரவுத்தளம் சீர்காழியை இன்றைக்கும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றுதான் சொல்லும். கட்டம் அழகாக நிரம்பியிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. காலிக் கட்டமாவது ‘எனக்குத் தெரியாது’ என்று ஒப்புக்கொள்கிறது.

நம்மிடம் இருப்பதற்குக் கட்டம் இல்லை

இப்போது என் அம்மாவுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை எப்படி வருகிறது என்று பார்க்கலாம். பெயர், மேலத்தெரு, கிராமம், இன்ன அஞ்சல், மன்னார்குடி (வழி), திருவாரூர் மாவட்டம். சந்தேகம் வந்தால் கீழே ஒரு வரி: ரேஷன் கடை எதிரில். கதவு எண் இல்லாமலேயே பத்திரிகை வந்து சேர்கிறது.

இதில் ‘அஞ்சல்’ என்பது கிராமத்தின் பெயராகவே இருக்க வேண்டியதில்லை; பட்டுவாடா செய்யும் அஞ்சலகம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கலாம். ‘வழி’ என்பது நிர்வாக எல்லையே அல்ல; எந்த ஊர்ப் பேருந்தைப் பிடித்து வர வேண்டும் என்பதற்கான குறிப்பு. ‘எதிரில்’ என்பது கண்ணுக்கான குறிப்பு. ஆண்ட்ராய்டு தரும் முகவரிப் பட்டியலில் கதவு எண், தெரு, உட்பகுதி, ஊர், மாவட்டம், மாநிலம், அஞ்சல் குறியீடு, நாடு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வழிக்கும் எதிருக்கும் இல்லை.

அப்படியானால் காலியாக இருப்பது எது? நம்மிடம் இல்லாத கதவு எண்ணைப் படிவம் கேட்கிறது. நம்மிடம் இருக்கும் ரேஷன் கடையைக் கேட்க மறந்துவிடுகிறது. பெயரிட்ட தெருவும் அதில் வரிசையாக எண்ணிட்ட வீடுகளும் என்ற ஒரு வார்ப்பை எடுத்து எங்கள் கிராமத்தின்மேல் கவிழ்த்தால், வார்ப்புக்கும் கிராமத்துக்கும் இடையில் விழும் இடைவெளிதான் அந்த மூன்று ‘நல்’. கூகுளின் முகவரிச் சேவையில் பக்கத்து அடையாளங்களையும் சேர்த்துத் தரும் வசதி இந்தியாவுக்கு வந்திருப்பதே, வார்ப்பை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதுதான்.

‘நல்’ எங்கிருந்து வந்தது?

ஜாவா போன்ற கணினி மொழிகளில் ‘ஒன்றுமில்லை’ என்பதற்கான சொல் நல். ஆண்ட்ராய்டு நூலகத்திடம் தெருவைக் கேட்டு, தெரு இல்லையென்றால், அது இந்த ‘ஒன்றுமில்லை’யைத் திருப்பித் தரும். நிரலாளர் அதைச் சோதிக்காமல், தெரு + காற்புள்ளி + ஊர் என்று நேராக ஒட்டியிருக்கிறார். ஒட்டும்போது ஜாவா அந்த ஒன்றுமில்லையையும் எழுத்தாக்கி ‘நல்’ என்று அச்சிட்டுவிடும். பைத்தானில் அதே ஒன்றுமில்லையை எழுத்தாக்கினால் ‘நன்’ என்று வரும். இரண்டும் தமிழில் மங்கலமான சொற்களாக அமைந்தது தற்செயல்.

திருத்துவது எளிது. கிடைத்த கட்டங்களை மட்டும் ஒரு பட்டியலில் போட்டு, காலியானவற்றை வடித்துவிட்டு, மீதியைக் காற்புள்ளியால் கோர்க்க வேண்டும். அப்போது அநாதைக் காற்புள்ளிகளும் நிற்காது. காட்டுவதற்கு மட்டும் முகவரி வேண்டுமென்றால், பெரும்பாலான சேவைகள் முழு முகவரியைத் தயாராக ஒரே வரியில் தருகின்றன, அதையே எடுத்துக்கொள்ளலாம். கட்டங்களை வரிசை எண்ணை வைத்து எடுக்கவே கூடாது. மூன்றாவதாக வருவது எப்போதும் ஊர் என்று நம்பினால், ஒரு கட்டம் விட்டுப்போன அன்றைக்கு மாவட்டம் ஊராகிவிடும்.

அடுத்தது படிக்கட்டு. சிட்டி இல்லையா, டவுனைப் பார். அதுவும் இல்லையா, கிராமத்தைப் பார். பிறகு வட்டம், மாவட்டம். எந்தப் படியில் நிற்கலாம் என்பது வேலையைப் பொறுத்தது. மழை வருமா என்று சொல்லும் செயலிக்கு மாவட்டம் போதும். ஆம்புலன்சுக்குப் போதாது. மாவட்டப் படியில் நின்றுவிட்டால், ‘திருவாரூர்’ என்று ஊர் போலக் காட்டாமல், ‘திருவாரூர் மாவட்டம்’ என்று காட்ட வேண்டும். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் வண்டி திருவாரூர் நகரத்துக்குப் போய் நிற்கும்.

முகவரி எப்படி வந்தாலும் அந்த இரண்டு எண்களைத் தூக்கி எறியக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். என் சீட்டில் நடந்த உண்மையான அநியாயம் அதுதான். திண்ணையைச் சரியாகக் காட்டிய எண்களைச் செயலி முகவரியாக மொழிபெயர்த்தது, மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டது. எண்கள் அந்தப் பையனின் கைக்குப் போயிருந்தால் அவன் போனே செய்திருக்க வேண்டாம்.

காலியை நிரப்பினால் என்ன ஆகும்?

கட்டம் காலியாக இருப்பது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று எதையாவது போட்டு நிரப்புபவர்கள் உண்டு. இருப்பிடம் கிடைக்காதபோது இரண்டு எண்களையும் சுழியமாக வைத்துவிடும் நிரல்கள் ஏராளம். பூச்சியம், பூச்சியம் என்பது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் ஒரு கடற்புள்ளி. அங்கே நிலம் எதுவும் இல்லை. உலகெங்கும் வழிதவறிய தரவுகள் அங்கே குவிவதால், வரைபடக்காரர்கள் அதற்கு நல் தீவு என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நடந்தது வேடிக்கையாக முடியவில்லை. இணைய முகவரியை வைத்து இடத்தை ஊகித்துச் சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், ‘அமெரிக்காவுக்குள் எங்கோ’ என்பதற்குமேல் தெரியாதவற்றுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் முழு எண்ணாக ஒரு புள்ளியைத் தேர்ந்து வைத்தது: வடக்கு 38, மேற்கு 97. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு இருந்தது. 2016இல் விஷயம் வெளிவந்தபோது, 60 கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் அந்தப் புள்ளியில் குவிந்திருந்தன. இணையத்தில் எவனோ மோசடி செய்தால் போலீஸ் அந்த வீட்டுக் கதவைத் தட்டியது. பணம் இழந்தவர்கள் வந்து வாசலில் நின்றார்கள். பல ஆண்டுகள் இப்படிப் போயின. செய்தி வந்த பிறகு நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தியது.

‘தெரியாது’ என்று காலியாக விட்டிருந்தால் எந்தக் கதவும் தட்டப்பட்டிருக்காது. கட்டாயக் கட்டங்களின் சிவப்பு நட்சத்திரமும் இதன் சின்னத் தம்பிதான். கதவு எண் இல்லாதவரிடம் கதவு எண்ணைக் கேட்டு அடம்பிடித்தால் அவர் ஒரு புள்ளியோ ‘000’வோ வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். தரவுத்தளத்தில் பிறகு அது கதவு எண்ணாகவே வாழும்.

முகவரியே வேண்டாம் என்றால்?

முகவரியை விட்டுவிட்டு எண்களையே சுருக்கி எழுதும் யோசனையும் உண்டு. கூகுளின் பிளஸ் கோடு உலகத்தைக் கட்டங்களாக வெட்டி, பத்து எழுத்தில் ஏறக்குறைய 14 மீட்டர் சதுரத்தைச் சுட்டும். இந்திய அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின், நாடு முழுவதையும் ஏறக்குறைய 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறி தருகிறது. இதில் எந்தக் கட்டமும் காலியாக வராது. வயலுக்கும் குறி உண்டு, வேப்பமரத்துக்கும் குறி உண்டு. வண்டி ஓட்டுபவரின் கைபேசிக்கு இது பெரிய உதவி. ஆனால் எங்கள் அம்மா அந்தப் பத்து எழுத்தை யாரிடமும் போனில் சொல்லப்போவதில்லை. அவள் ரேஷன் கடை எதிரில் என்றுதான் சொல்வாள், அதுவும் போதும்.

ஆகவே செயலி எழுதுபவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியை எழுத்தாக்காதீர்கள், பொய்யால் நிரப்பாதீர்கள். எண்களைப் பத்திரப்படுத்துங்கள். ‘பக்கத்தில் என்ன இருக்கிறது?’ என்று ஒரு பெட்டி வையுங்கள், தமிழில் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும்படி.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். கணக்குத் தொடங்கி, உங்கள் தெருவின் கோட்டைத் தொட்டு, பெயரை எழுதிச் சேமித்தால் ஆயிற்று. அந்த ரத்த அழுத்தமானிப் பெட்டி வந்த இரவே எங்கள் தெருவுக்கு அதைச் செய்தேன். பத்து நிமிடம் ஆனது. மேலத்தெரு இப்போது வரைபடத்தில் இருக்கிறது. கீழத்தெருவுக்கு இன்னும் யாரும் எழுதவில்லை.